இல்லாத தொண்ணூற்றொன்பதாம் ரேக்

“புதுசா எழுத வராதவங்கதாங்க பழசுக்குக் கதவு வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க.”

கோயம்புத்தூர்க்காரரான கார்த்திக் என்னிடம் இதைச் சொன்னபோது நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இடம் ஹைதராபாத் மாதாப்பூர், எங்கள் அலுவலக கேன்டீன். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் தளத்தில் எல்லாரும் மனதுக்குள் நினைத்ததை அவர் மரியாதையாக ‘ங்க’ சேர்த்துச் சொன்னார், அவ்வளவுதான். நான் தயிர்சாதத்தை முடித்துக்கொண்டு எழுந்துபோனேன்.

போன மாதம் அந்த வேலையை விட்டுவிட்டேன். பதினான்கு வருடம். முப்பத்தாறு வயதுக்காரி ‘ஓய்வு’ என்று சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் ‘விலகல்’ என்றே வைத்துக்கொள்வோம். பிரிவு விருந்தில் ஜூனியர் நிவேதா கேட்டாள்: “அக்கா, பழைய புரோகிராம் கோட் முழுக்கப் படிச்சு புதுசா எழுதிக் குடுக்கிற டூலே இப்ப வந்தாச்சு. நீங்கெல்லாம் ஏன் அந்தப் பழசையே கட்டிக்கிட்டு அழுதீங்க?”

மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கும் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். ஆகவே நிவேதாவுக்கான பதில் இங்கே வருகிறது.

என் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் படித்த முதல் ஆள் நான். அப்பா தர்மபுரியில் லாரிக்கு லோடு ஏற்றினார். அம்மா கல் குவாரியில் வேலை பார்த்தார். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. இதைத் தலை குனிந்து சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. அரசுப் பள்ளி, அரசுப் பொறியியல் கல்லூரி, கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த கம்பெனி, கொண்டாப்பூரில் நான்கு பேர் தங்கும் அறை, ஆறு வாரப் பயிற்சி. பயிற்சியில் கற்றது பாதி மறந்துவிட்டது. அறைத் தோழிகளிடம் கற்ற தெலுங்கு மட்டும் நின்றது. பின்னால் என்னைக் காப்பாற்றியதும் அதுதான்.

எங்கள் குழுவுக்கு வந்த வாடிக்கையாளர் ஒரு விதைக் கம்பெனி. மேட்சல் பக்கத்தில் அவர்களுடைய கிடங்கும் பரிசோதனைக்கூடமும் இருந்தன. மக்காச்சோள விதையும் நெல் விதையும் அங்கிருந்து மாவட்டங்களுக்குப் போகும். ஒரே வயலில் விளைந்து ஒன்றாகச் சுத்தம் செய்த விதைக்கு ஒரு லாட் எண் உண்டு. ஒவ்வொரு லாட்டிலும் கொஞ்சம் எடுத்து முளைக்கப்போட்டுப் பார்ப்பார்கள். நூற்றுக்கு எத்தனை முளைக்கிறது, சோதித்து எத்தனை மாதம் ஆகிறது, கலப்படம் உண்டா என்பதையெல்லாம் வைத்து அந்த லாட்டை வெளியே அனுப்பலாமா கூடாதா என்று முடிவு செய்வது ஒரு பழைய மென்பொருள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. எழுதியவர் எங்கோ வெளிநாடு போய்விட்டார். ஆனால் கணக்கு பிசகியதே இல்லை. விதைச் சட்டம் மாறியபோதெல்லாம் யாரோ ஒருவர் வந்து ஒரு வரியைத் திருத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

கம்பெனிக்கு வேண்டியது மூன்று புது வசதிகள்: கிடங்கில் லாரி ஏற்றும் இடத்தில் ஒரு ஸ்கேனர், டீலர்கள் கைப்பேசியில் ஒரு செயலி, தலைமை அலுவலகத்துக்கு ஒரு வலைத்தளம். மூன்றுக்கும் அதே கேள்வியின் பதில்தான் தேவை. இந்த லாட்டை விற்கலாமா?

மூன்று இடத்திலும் அந்தக் கணக்கைத் திரும்ப எழுதலாம். மூன்றும் ஒருநாள் மூன்று விதமாகப் பதில் சொல்லும். அல்லது பழையதை அப்படியே இருக்கவிட்டு, அதன் முன்னால் ஒரு வாசல் வைக்கலாம். யார் வேண்டுமானாலும் அந்த வாசலில் வந்து லாட் எண்ணைக் கொடுக்கலாம். உள்ளே பழைய மென்பொருள்தான் யோசிக்கும். கேட்டவருக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ வரும். இந்த வாசலைத்தான் எங்கள் தொழிலில் சேவை என்கிறோம். இருக்கிற மென்பொருளை இப்படிச் சேவை சேவையாகத் திறந்துவிடுவதுதான் பதினான்கு வருடமும் என் வேலை. கேட்க எளிமையாக இருக்கும். கார்த்திக் ‘கதவு’ என்று கிண்டல் செய்ததும் இதைத்தான்.

எங்கள் மேலாளர் வரதராஜன் சார் செகந்திராபாத்தில் பிறந்தவர். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அவருடைய தமிழில் ஹைதராபாத் இந்தி தாராளமாகக் கலந்திருக்கும். வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’. குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் எவருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவும் மாட்டார். ஒவ்வொரு சேவைக்கும் ஒரே பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதச் சொல்வார்: என்ன கேட்பார்கள், என்ன கொடுப்போம், கொடுக்க முடியாவிட்டால் என்ன சொல்வோம். இரண்டாம் பக்கத்துக்குப் போனால் படிக்காமல் திருப்பித் தந்துவிடுவார்.

“ரெண்டு பக்கம் எழுதினியா? அப்ப உனக்கே புரியல மா. போய் ஒரு பக்கம் ஆக்கிட்டு வா.”

அடுத்தது அட்டவணை. பழைய திரையில் விவரம் நிரப்பும் ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்து, அதில் என்னென்ன மதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று எழுத வேண்டும். அதற்குப் பிறகு முப்பது நாள் ஜோடி ஓட்டம். பழைய திரையிலும் புதுச் சேவையிலும் ஒரே லாட்டைக் கேட்டு, இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்று மாறினாலும் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். சேவை பயன்பாட்டுக்கு வந்த பிறகு அதில் ஒரு வரியை மாற்றவும் இரண்டு பேர் வேண்டும். மாற்றத்தை நான் உள்ளிடுவேன், சார் தன் கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணைத் தருவார். அதற்கும் முன் வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. படிப்பு என்பது எங்கள் வீட்டுக்கு வெளியே இருந்த ஓர் ஒழுங்கு, அதற்குள் நான் வந்துவிட்டேன் என்று ஒரு பெருமிதம்.

முப்பது நாளும் பதில்கள் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின. ஜூன் தொடக்கத்தில், மழைக்காலம் தொடங்கும் வாரத்தில், ஒரு வியாழக்கிழமை சேவையைத் திறந்தோம். லாரி ஏற்றும் இடத்து ஸ்கேனர் கார்த்திக்கின் வேலை. அதுவும் நன்றாக ஓடியது. முன்பெல்லாம் அச்சடித்த சீட்டில் லாட் எண்ணும், மூட்டை அடுக்கியிருக்கும் ரேக்கின் எண்ணும் வரும், லோடுக்காரர்கள் அந்த ரேக்கைத் தேடிப் போவார்கள். இப்போது மூட்டை எங்கே கிடந்தாலும் அதன் மேல் இருக்கும் கோட்டுக் குறியை ஸ்கேனர் படிக்கும், சேவையைக் கேட்கும், பச்சை விளக்கு எரியும். ஏற்றிவிடலாம்.

சனிக்கிழமை காலை நானும் கார்த்திக்கும் மேட்சல் போனோம். அவர் லாரிப் பக்கம் போய்விட்டார். நான் விஜயலட்சுமி மேடம் உட்காரும் கண்ணாடி அறைக்குப் போனேன். பழைய திரையின் முன்னால் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவர் அவர். எங்கள் கூட்டங்களுக்கு ஒருநாளும் அவரை அழைத்ததில்லை. ஆபரேட்டர்தானே என்று விட்டுவிட்டோம். தன் நாற்காலி போய்விடும் என்று அவரும் எங்களிடம் ஒட்டாமல் இருந்தார். அன்றைக்கு என்னவோ வறுத்த கடலையை என் பக்கம் நகர்த்திவைத்தார். தெலுங்கில்தான் பேசினார்.

“ஏம்மா, தொண்ணூற்றொன்பது குறைஞ்சுகிட்டே வருதே. லேப்ல எல்லாத்தையும் பாஸ் பண்ணிட்டாங்களா?”

“எந்தத் தொண்ணூற்றொன்பது மேடம்?”

“ரேக்கு.”

“இங்க ரேக்கே நாற்பத்தெட்டுதானே இருக்கு?”

“அதனாலதான் தொண்ணூற்றொன்பது” என்றார், ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்து.

பழைய மென்பொருளுக்கு இரண்டு நிலைதான் தெரியும். லாட் தேறியது அல்லது தோற்றது. தோற்றதாகப் பதிந்தால் அந்த லாட் அத்தோடு மூடப்படும், திறக்க வழியில்லை. ஆனால் கிடங்கில் கூரை ஒழுகும். சோதனையில் தேறிய லாட் நனைந்துபோகும். மறுபடி முளைக்கப்போட்டுப் பார்க்க ஏழு நாள் ஆகும். அந்த ஏழு நாளும் அந்த லாட் தேறியதும் இல்லை, தோற்றதும் இல்லை. அதற்கு மென்பொருளில் இடம் கிடையாது. அதனால் பரிசோதனைக்கூடத்தில் இருந்து போன் வந்ததும் மேடம் அந்த லாட்டின் ரேக் எண்ணை 99 என்று மாற்றிவிடுவார். இல்லாத ரேக்குக்கு எந்த லோடுக்காரரும் போக முடியாது. மூட்டை நின்ற இடத்திலேயே நிற்கும். பரிசோதனைக்கூடத்துக்கும் மேடத்துக்கும் லோடுக்காரர்களுக்கும் இது தெரியும். எங்கேயும் எழுதிவைக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் அவர்களுக்கு வந்ததில்லை.

அந்த 99-ஐ நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். என் அட்டவணையில் அதற்கு எதிரே, என் கையாலேயே, ‘தெரியாது’ என்று எழுதியிருந்தேன். எங்கள் தொழிலில் எதை நிரப்புவது என்று தெரியாத இடத்தில் 99 போடுவது வழக்கம். எனவே இதுவும் அப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மேடத்திடம் ‘ரேக் கட்டத்தில் என்ன போடுவீர்கள்’ என்று கேட்டிருந்தேன், ‘ரேக் எண்’ என்று சொன்னார். அத்தோடு முடித்துக்கொண்டேன். ஜோடி ஓட்டத்திலும் இது தெரிய வழியில்லை. இரண்டு பக்கமும் ‘ஆம்’ என்றுதான் சொல்லின. அந்த ‘ஆம்’-ஐத் தடுத்துவைத்திருந்தது சீட்டில் வரும் ரேக் எண். ஸ்கேனர் அதைக் கேட்பதே இல்லை.

வெளியே கார்த்திக்கிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன்.

“ஏனுங்க, அப்ப நானும் நீங்களும் சேர்ந்து நனைஞ்ச விதைக்குப் பச்சை விளக்கு போட்டிருக்கோமுங்க” என்றார். பிறகு ஏற்றிக்கொண்டிருந்த லாரியின் முன்னால் போய் நின்றுகொண்டார். டிரைவர் ஹார்ன் அடித்தார். அவர் நகரவில்லை.

வரதராஜன் சாருக்கு போன் போட்டேன். முடி வெட்டும் கடையில் இருந்தார். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். ரேக் 99 என்றால் ‘இல்லை’ என்று பதில் சொல்லும்படி ஒரு வரி போட வேண்டும், எண்ணைத் தாருங்கள் என்றேன்.

“கம்பெனி ஒப்புதல்?”

“மேனேஜர் போன் எடுக்கல சார்.”

“லேப்?”

“சனிக்கிழமை லீவு.”

“அப்ப அந்தம்மா சொல்றது ஒண்ணுதான். எழுத்துல ஏதாவது இருக்கா?”

“எழுத்துல இருந்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும் சார்.”

“விதைப்பு நேரத்துல சப்ளையை நிறுத்தினா நாளைக்கு ஊரெல்லாம் கத்துவான் மா. அந்தம்மா சொல்றது தப்புன்னா உன் வேலை போகும். என்னுதும் போகும்.”

“சரின்னா விதை மண்ணுக்குள்ள போயிடும் சார். அதைத் திரும்ப எடுக்க முடியாது.”

கத்தரிக்கோல் நின்றது. கடைக்காரரிடம் ஏதோ சொன்னார். பிறகு ஒவ்வோர் இலக்கமாக ஆறு எண்ணையும் சொன்னார்.

“போடு. ஒப்புதல் கடுதாசியை நானே எழுதறேன். பழைய தேதி நக்கோ. இன்னிக்குத் தேதி, இப்ப என்ன மணியோ அந்த மணி. யாரையும் கேக்காம செஞ்சோம்னே எழுதறேன்.”

போட்டேன். லாரி ஏற்றும் இடத்தில் விளக்கு சிவப்பானது. ஆனால் 99 போட்ட மூன்று லாட்டுகள் அதற்குள் நகர்ந்திருந்தன. சேவை, தன்னை யார் எப்போது என்ன கேட்டார்கள் என்று ஒவ்வொரு கேள்வியையும் குறித்துவைக்கும். அந்தக் குறிப்பைத் திறந்தேன். இரண்டு லாட் கார்த்திக் மறித்து நின்ற லாரியில் இருந்தன. மூன்றாவது லாட்டில் இருபது மூட்டை வெள்ளிக்கிழமையே ஜஹீராபாத்தில் ஒரு டீலர் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த டீலரின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவரே அலுவலக எண்ணுக்கு அழைத்துவிட்டார். மேடம் போனை என்னிடம் கொடுத்தார்.

“காலையில இருந்து சரி சரின்னு சொல்லிச்சு, இப்ப வேணாங்குது. உங்க கம்ப்யூட்டருக்கு என்ன பைத்தியமா? கடை நிறைய ஆள் நிக்கிறான் இங்க.”

அந்தத் திட்டு காதில் விழுந்ததும் எனக்கு மூச்சு வந்தது. ஸ்கேனர் கேட்ட அதே வாசலைத்தான் அவர் செயலியும் கேட்கிறது. மேட்சலில் நான் ஒரு வரியைப் போட்டதும் ஜஹீராபாத் கடையில் விற்பனை நின்றுவிட்டது. அந்தக் கணக்கை மூன்று இடத்தில் தனித்தனியாக எழுதியிருந்தால் அன்றைக்கு மூன்று இடத்திலும் போய்த் திருத்த வேண்டியிருந்திருக்கும்.

“எத்தனை பாக்கெட் வித்தீங்க?”

“நாலு. ஒரே ஆளுக்கு.”

வாங்கியவரின் எண் செயலியில் இருந்தது, ஆனால் அவர் எடுக்கவில்லை. வயலில் இருப்பார் என்றார் டீலர். ஜஹீராபாத் பக்கம் முந்தின நாளே நல்ல மழை பெய்திருந்தது. நான் என்ன நடந்தது என்று மறைக்காமல் சொன்னேன். டீலர் இன்னும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வேறு லாட்டில் நான்கு பாக்கெட் எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினார்.

அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம். மேடம் கடலையை உரித்து உரித்து எனக்கு முன்னால் வைத்துக்கொண்டே இருந்தார், நான் தொடவில்லை. கார்த்திக் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஏக்கருக்குக் கிட்டத்தட்ட இரண்டு பாக்கெட், அப்படியென்றால் நான்கு பாக்கெட் இரண்டு ஏக்கர். முளைக்காவிட்டால் அந்த மனிதருக்கு அந்த மழை வீண். அடுத்த மழை எப்போது வருமோ.

போன் வந்தது. டீலர் அந்த விவசாயியிடமே கொடுத்தார். ஒரு பாக்கெட்டின் வாயை வெட்டியாகிவிட்டதாம். விதை மண்ணில் விழவில்லை.

“நல்லதுன்னு சொன்னதும் உங்க கம்ப்யூட்டர், கெட்டதுன்னு சொல்றதும் உங்க கம்ப்யூட்டர். நான் எதை நம்பறது?” என்று கேட்டார்.

“இப்ப சொல்றதை நம்புங்க. இது கம்ப்யூட்டர் சொல்லல, இங்க ஒரு அம்மா சொன்னாங்க” என்றேன்.

“அப்ப சரி” என்று வைத்துவிட்டார்.

கடலை முழுவதையும் நான்தான் தின்று தீர்த்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்போது கொண்டாப்பூரில் நான் எடுத்த வாடகை வீட்டுக்கு அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். சமையலறைச் சுவரில் ஆணியில் மின்சார பில்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கட்டியதை அம்மா தலைகீழாகக் குத்திவைப்பார், கட்டாததை நேராக. ஒரு எழுத்தும் தெரியாமல் அவர் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல இடம் இல்லாத இடத்தில் ஓர் அடையாளம் போட்டுவைப்பவர்களின் வீட்டிலிருந்து வந்தவள் நான். அந்த 99-ஐ முதலில் புரிந்துகொண்டிருக்க வேண்டியவளும் நான்தான். படித்தவள் என்ற நினைப்பில் அதற்கு நேரே ‘தெரியாது’ என்று எழுதிவிட்டேன்.

“பில்லுல என்னடி பாக்கற? கட்டியாச்சு அது” என்றார் அம்மா.

திங்கட்கிழமை கூட்டத்தில் விதைக் கம்பெனி மேனேஜர் கோபமாக இருந்தார். இந்தப் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் புதிதாக எழுதிவிடலாம் என்றார். தவறு என்னுடையது என்று முதலில் சொன்னேன். பிறகு, புதிதாக எழுதினாலும் இது விடுபட்டிருக்கும் என்றேன். ஏனென்றால் பழைய நிரலில் எத்தனை ஆயிரம் வரியைப் படித்தாலும் 99 எங்கேயும் இல்லை. அது மேடத்தின் விரலில் இருந்தது. நிவேதா, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். உன் கருவி வரிகளை முழுக்கப் படிக்கும், நான் மறுக்கவில்லை. எழுதாமல் விட்டதை அதனால் எப்படிப் படிக்க முடியும்?

வரதராஜன் சார் பாதி வெட்டிய முடியோடு வந்திருந்தார். “ஹவ், அவ சொல்றது சரி. ஆனா முதல்ல அந்தம்மாவை இங்க கூட்டிட்டு வாங்க” என்றார்.

விஜயலட்சுமி மேடம் முதல் தடவையாக எங்கள் கூட்ட அறைக்கு வந்தார். ஏசியைக் குறைக்கச் சொன்னார். ரேக் எண்ணைத் தவிர வேறு ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “ஆறேழு இருக்கும்” என்றார். சாப்பாட்டு நேரம் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். ஒப்பந்தத்தின் அந்த ஒரு பக்கத்தில் மூன்றாவது பதில் ஒன்றைச் சேர்த்தோம்: ‘ஆம்’, ‘இல்லை’, அதோடு ‘நிறுத்தி வை’. நிறுத்திவைக்கும் அதிகாரம் மேடத்தின் பெயரில் பதிந்தது. அவர் நாற்காலியும் போகவில்லை.

எட்டாம் நாள் பரிசோதனைக்கூடத்து முடிவு வந்தது. லாரியில் இருந்த இரண்டில் ஒன்று தேறியது, ஒன்று தோற்றது. ஜஹீராபாத் போன லாட்டில் பாதிகூட முளைக்கவில்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு நான் பெண்கள் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றேன். அழுகை வரவில்லை.

கார்த்திக் அதற்குப் பிறகு ‘கதவு’ என்று சொல்வதை விட்டுவிட்டதாக நான் எழுதினால் பொய். இன்னும் சொல்வார். ஆனால் தன் செயலிகளை எழுதுமுன் எந்தக் கட்டத்தைக் கேட்காமல் விடுகிறோம் என்று ஒரு பட்டியல் போட்டு என்னிடம் காட்டுவார்.

அடுத்த பத்து வருடத்தில் ஒரு பால் கம்பெனி, ஒரு மருந்துக் கிடங்கு, இரண்டு ஆலைகள் என்று பழையவற்றுக்கு நிறைய வாசல் வைத்தேன். எல்லா இடத்திலும் ஏதோ ஒரு தொண்ணூற்றொன்பது இருந்தது. பெரிய கம்பெனிகளுக்கு எங்களைப் போன்றவர்கள் போவோம். சின்னப் பட்டறைகளுக்கு யாரும் போவதில்லை. இருக்கிற மென்பொருளை வீசிவிட்டுப் புதிதாக வாங்கு என்பதைத்தான் அவர்களுக்கு எல்லாரும் சொல்கிறார்கள். அவர்களுக்கு வாசல் வைக்கத்தான் விலகினேன். பயம் இருந்தது. விலகல் கடிதத்தைக் கொடுத்த மறுநாள் காலை எழுந்தபோது அது இல்லை.

போன திங்கட்கிழமை குஷாய்குடாவில் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் என் சொந்தக் கணக்கில் முதல் வேலையைத் தொடங்கினேன். லேப்டாப்பைப் பையை விட்டு எடுக்கவில்லை. ஸ்டோர் பார்க்கும் யாதகிரி காருவின் (‘காரு’ என்றால் நம் ‘ஐயா’) பக்கத்தில் உட்கார்ந்து அவர் பதிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருப்புப் பட்டியலில் ஒரு வரியில் மரை ஆணி நானூற்று இருபதரை என்று இருந்தது. மரை ஆணியில் அரை ஏது? என்ன என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.